வீட்டுக்குப் போக விரும்பிய கோல்கீப்பர்

கனடாவில் ஹாக்கி பார்க்கும் வீடுகளில் பலருக்கும் கண்ணை மூடினாலும் தெரியும் ஒரு புகைப்படம் உண்டு. 1972 செப்டம்பர் 28, மாஸ்கோவின் லுஷ்னிகி அரங்கம். பால் ஹெண்டர்சன் கைகளை உயர்த்திக் கத்துகிறார், இவான் கோர்னுவாயே அவரைக் கட்டிப் பிடித்திருக்கிறார். ஆட்டம் முடிய 34 விநாடிகள் இருந்தபோது விழுந்த அந்த கோல்தான் சோவியத் அணிக்கு எதிரான தொடரையே கனடாவுக்கு வென்று தந்தது. அதே படத்தில் பின்னால் பனியில் ஒருவர் விழுந்து கிடக்கிறார். அவர் சோவியத் கோல்கீப்பர் விளாதிஸ்லாவ் திரெத்தியாக். அப்போது வயது 20.

அமெரிக்காவுக்கும் இப்படி ஒரு நாள் உண்டு. 1980 பிப்ரவரி 22, லேக் பிளாசிட் ஒலிம்பிக். கல்லூரி மாணவர்கள் நிறைந்த அமெரிக்க அணி சோவியத் அணியை 4-3 என்று வென்றது. அன்றும் சோவியத் கோலில் ஆட்டத்தைத் தொடங்கியவர் திரெத்தியாக்தான். இரண்டு நாடுகள் தங்கள் ஹாக்கி வரலாற்றின் உச்சமாகக் கொண்டாடும் இரண்டு வெற்றிகளிலும் எதிர்ப்பக்கம் நின்றவர் ஒரே ஆள்.

அப்படியிருந்தும் டொரன்டோவில் உள்ள ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் 1989-ல் அவரைச் சேர்த்துக்கொண்டது. வட அமெரிக்க லீகான என்.எச்.எல்.-லில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அந்த மண்டபத்தில் இடம்பெற்ற முதல் சோவியத் வீரர் அவர். 2008-ல் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு தன் நூற்றாண்டுக்காக ஒரு கனவு அணியைத் தேர்ந்தெடுத்தபோது கனடாவின் மாபெரும் வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியைவிடவும் அதிக வாக்கு வாங்கியது இந்த கோல்கீப்பர்தான்.

தோற்கடித்தவர்களே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் அளவுக்கு இவரிடம் என்ன இருந்தது? அப்படிப்பட்டவர் 32 வயதில், கைவசம் ஆட்டம் முழுதாக இருக்கும்போதே, ஏன் நிறுத்தினார்? இரண்டாவது கேள்விக்கான பதிலில்தான் அவருடைய வாழ்க்கையே இருக்கிறது என்று நினைக்கிறேன். திரெத்தியாக்கின் ஆட்ட வாழ்வில் பெரிய திருப்பங்கள் எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவு செய்தார்கள். கடைசித் திருப்பம் மட்டும் அவருடையது.

நமக்கு ஹாக்கி என்றால் புல்தரைதான் நினைவுக்கு வரும் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. கெட்டியான ரப்பர் வில்லை ஒன்று, அதன் பெயர் பக். குறுக்களவு 3 அங்குலம், தடிமன் 1 அங்குலம், எடை சுமார் 170 கிராம். துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள். நல்ல வீரர் ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும். கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம். அதன் முன் ஒருவர் உடம்பெல்லாம் பேட் கட்டிக்கொண்டு, ஒரு கையில் அகன்ற ஸ்டிக், மறு கையில் பிடிக்கும் கையுறையோடு நிற்க வேண்டும். தன் ஆட்களும் எதிராட்களும் முன்னால் மறைத்துக்கொண்டு நிற்பதால், பல நேரங்களில் பக் கிளம்பியதே அவருக்குத் தெரியாது.

திரெத்தியாக் பிறந்தது 1952 ஏப்ரல் 25, மாஸ்கோவுக்கு வடக்கே திமித்ரோவ் வட்டாரத்தில் உள்ள ஒருதியேவோ கிராமத்தில். அப்பா ராணுவ விமானி, அம்மா உடற்பயிற்சி ஆசிரியை. 11 வயதில் சி.எஸ்.கே.ஏ. சங்கத்தின் சிறுவர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே எல்லாப் பையன்களுக்கும் போதுமான சீருடை இல்லை. அவருக்கோ உண்மையான ஹாக்கிச் சட்டை வேண்டும். கோலில் நிற்க ஆள் இல்லை என்று தெரிந்ததும், சட்டை தருவதாக இருந்தால் நான் நிற்கிறேன் என்று சொன்னதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

சி.எஸ்.கே.ஏ. என்பது செஞ்சேனையின் விளையாட்டுச் சங்கம். இதைப் புரிந்துகொள்ளாமல் இவர் கதை புரியாது. சோவியத்தில் இளைஞர்கள் கட்டாய ராணுவச் சேவை செய்தாக வேண்டும். அதனால் எந்த ஊரில் நல்ல ஹாக்கி வீரன் தலையெடுத்தாலும் அவனை மாஸ்கோவின் ராணுவ அணிக்கு இழுத்துக்கொள்வது எளிது. லீகில் அந்த அணியின் ஆதிக்கத்துக்கு இதுவே காரணம். திரெத்தியாக் மட்டும் அங்கே 13 முறை சோவியத் சாம்பியன் ஆனார். தேசிய அணியின் முதுகெலும்பும் இதே ஆட்கள்தான், பல காலம் பயிற்சியாளரும் ஒருவரேதான். வீரர்களுக்கு ராணுவப் பதவி உண்டு. பதவி உயர உயரச் சம்பளம் உயரும், மரியாதை உயரும். ஆனால் ராணுவ அதிகாரி வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு ஆடப் போகிறேன் என்று கிளம்ப முடியாது. ஒரே சட்டைதான் அவரை உயர்த்தியது, கட்டியும் போட்டது.

அவரைக் கண்டெடுத்தவர் அனத்தோலி தராசோவ். சோவியத் ஹாக்கியை உருவாக்கியவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பயிற்சியாளர். பதின்ம வயதுப் பையனைப் பெரியவர்களோடு பயிற்சிக்கு நிறுத்தினார். அவர் தந்த பயிற்சிகளில் ஒன்று புகழ்பெற்றது: எங்கே போனாலும் ஒரு டென்னிஸ் பந்து கையில் இருக்க வேண்டும். நடக்கும்போது எறிந்து பிடிக்க வேண்டும். எதிரே சுவர் தெரிந்தால் அதில் அடித்துப் பிடிக்க வேண்டும். பயிற்சி முடிந்து குளத்தில் நீந்தப் போன இடத்திலும் பந்து எங்கே என்று தராசோவ் கேட்டாராம்.

இதைக் கிறுக்குத்தனம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் திரெத்தியாக் ஆடிய பழைய ஒளிப்பதிவுகளை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் அந்தப் பந்து தெரிகிறது. பக் வந்த பிறகு அவர் கையுறை துள்ளுவதில்லை. பக் வரப்போகும் இடத்தில் கை முன்பே போய்க் காத்திருக்கிறது, முகத்திலோ தோளிலோ எந்தப் பதற்றமும் இல்லை. யோசித்துவிட்டு கையை நீட்ட நேரமில்லாத ஆட்டத்தில், யோசனையே தேவையில்லாதபடி கையைப் பழக்க வேண்டும் என்பதுதான் தராசோவின் கணக்கு.

இன்னொன்று அவருடைய கால்கள். கோலைவிட்டு முன்னால் வந்து நின்றால், அடிப்பவர் கண்ணுக்கு கோல் சிறிதாகிவிடும். ஆனால் அப்படி வந்த பிறகு எதிராளி அடிக்காமல் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிட்டால் கீப்பர் நடுவழியில் மாட்டிக்கொள்வார். சோவியத் வீரர்கள் இப்படிக் கடைசி நொடிவரை தள்ளிக்கொண்டே போகிறவர்கள். சி.எஸ்.கே.ஏ.-வின் முன்வரிசை ஆட்டக்காரர்களான மிகைலோவ், பெத்ரோவ், கர்லாமோவ் மூவரையும் அன்றாடம் பயிற்சியில் எதிர்கொண்டவர் திரெத்தியாக். முன்னால் வந்து சந்திப்பது, எதிராளி நெருங்கும் அதே வேகத்தில் பின்னால் சறுக்கிக்கொண்டே போவது, தான் முதலில் விழாமல் எதிராளியை முதலில் அசைய வைப்பது. உலகின் மிகக் கடினமான தேர்வு அவர் வீட்டு முற்றத்திலேயே தினமும் நடந்தது.

1970 உலகப் போட்டியில் மூத்தவர் விக்தர் கனவலென்கோவுக்கு மாற்று ஆளாகப் போனபோது அவருக்கு 17 வயது. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கும்போது 19. அதே ஆண்டு செப்டம்பரில் கனடா.

அதுவரை சோவியத் அணி ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டியிலும் வென்றதெல்லாம் கனடாவின் அமெச்சூர் ஆட்களை. என்.எச்.எல். தொழில்முறை வீரர்கள் எதிரே வந்தால் கதை வேறு என்று கனடாவே நம்பியது. எட்டு ஆட்டத் தொடருக்கு முன் மாஸ்கோவுக்கு வந்த கனடியப் பார்வையாளர்கள் ஒரு பயிற்சி ஆட்டத்தில் திரெத்தியாக்கைப் பார்த்தார்கள். அன்று அவர் 8 கோல் விட்டார். கோல்தான் இவர்களுடைய பலவீனம் என்று குறித்துக்கொண்டு போனார்கள். அவருக்கு அது கல்யாண நேரம் என்பது அவர்கள் குறிப்பில் இல்லை.

செப்டம்பர் 2, மான்ட்ரியல் ஃபோரம் அரங்கம். முதல் ஆட்டத்துக்குச் சற்று முன் சோவியத் உடை மாற்றும் அறைக்குள் ஜாக் பிளான்ட் வந்தார். மான்ட்ரியல் கெனடியன்ஸ் அணியின் மாபெரும் முன்னாள் கோல்கீப்பர். 1959-ல் முகத்தில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்டு முகமூடியோடு திரும்பிவந்து, முகமூடி அணிவதை வழக்கமாக்கியவர். மொழிபெயர்ப்பாளர் துணையோடு இருபது வயதுப் பையனின் பக்கத்தில் உட்கார்ந்து, மஹாவ்லிச் எங்கிருந்து அடிப்பார், எஸ்பொசிட்டோ எப்படி அடிப்பார், கோர்னுவாயே எவ்வளவு வேகம் என்று பலகையில் வரைந்து காட்டினார். தன் நாட்டு அணிக்கு எதிராக ஆடப்போகிறவனுக்கு! பையன் அடிவாங்கப் போகிறானே என்ற இரக்கம் என்பதே பொதுவாகச் சொல்லும் காரணம். அந்த உதவியை திரெத்தியாக் இன்றுவரை நன்றியோடு நினைவுகூர்கிறார். கோல்கீப்பர்களுக்குள் ஒரு தனிச் சாதியுணர்வு உண்டு என்பார்கள். மற்ற ஐவரும் ஓடிக்கொண்டிருக்க, தனியாக நிற்கும் வேலை எப்படி இருக்கும் என்று இன்னொரு கோல்கீப்பருக்குத்தான் தெரியும்.

ஆட்டம் தொடங்கி 30-வது விநாடியில் எஸ்பொசிட்டோ கோல் போட்டார். ஏழு நிமிடத்துக்குள் கனடா 2-0. அரங்கமே சிரித்தது. ஆட்டம் முடியும்போது சோவியத் 7, கனடா 3. அந்தச் சிரிப்பு அன்று இரவோடு போனது. தொடரின் எட்டு ஆட்டங்களிலும் சோவியத் கோலில் நின்றது திரெத்தியாக் ஒருவரே. கடைசியில் கனடா நான்கு வெற்றி, சோவியத் மூன்று, ஒன்று சமன். ஹெண்டர்சனின் அந்த கோலைக்கூடப் பாருங்கள்: அவருடைய முதல் அடியை திரெத்தியாக் தடுத்துவிடுகிறார். தடுத்துத் திரும்பிய பக்கைத்தான் ஹெண்டர்சன் மறுபடி உள்ளே தள்ளுகிறார்.

அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1975 டிசம்பர் 31 இரவு, மறுபடி அதே ஃபோரம். சி.எஸ்.கே.ஏ. எதிரில் மான்ட்ரியல் கெனடியன்ஸ். என்.எச்.எல். சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையை அடுத்த நான்கு முறையும் வரிசையாக வெல்லப்போகிற அணி அது. கெனடியன்ஸ் கோலை நோக்கி அடித்தது 38 முறை, சோவியத் அணி 13 முறை. முடிவு 3-3. எதிர்க் கோலில் நின்ற கென் டிரைடன் தன் காலத்தின் தலைசிறந்த கீப்பர்களில் ஒருவர். அவர் 13-ல் மூன்றை விட்டார், திரெத்தியாக் 38-ல் மூன்றை. ஹாக்கி ஆட்டங்களிலேயே சிறந்தது இது என்று இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி. மான்ட்ரியல் ரசிகர்கள் இவரைத் தங்கள் ஆளாக நினைக்கத் தொடங்கியது அந்தப் புத்தாண்டு இரவில்தான்.

இனி லேக் பிளாசிட். 1977 முதல் தேசிய அணியும் சி.எஸ்.கே.ஏ.-வும் விக்தர் திகோனோவ் கையில். ஒலிம்பிக் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில் இதே அமெரிக்கப் பையன்களை சோவியத் 10-3 என்று நசுக்கியிருந்தது.

முதல் பகுதி முடியச் சில விநாடிகள். சோவியத் 2-1 முன்னிலை. அமெரிக்காவின் டேவ் கிறிஸ்டியன் ஏறக்குறைய நூறு அடி தூரத்திலிருந்து சும்மா ஒரு அடி அடிக்கிறார். திரெத்தியாக் தடுக்கிறார், ஆனால் பக் முன்பக்கமாகத் திரும்பி வருகிறது. நேரம் முடிந்தது என்று தடுப்பாளர்கள் தளர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு நடுவே புகுந்த மார்க் ஜான்சன் பக்கை உள்ளே தள்ளுகிறார். கடிகாரத்தில் மிச்சம் ஒரு விநாடி. 2-2.

திகோனோவ் திரெத்தியாக்கை வெளியே எடுத்தார். பதிலுக்கு விளாதிமிர் மிஷ்கின். இரண்டு அணிகளிலும் யாருக்கும் நம்ப முடியவில்லை. மிஷ்கின் மோசமான கீப்பர் என்று சொல்ல முடியாது. முந்தைய ஆண்டுதான் நியூயார்க்கில் என்.எச்.எல். நட்சத்திர அணியை ஒரு கோல்கூட விடாமல் 6-0 என்று வென்ற ஆட்டத்தில் நின்றவர். இங்கேயும் மிச்ச நேரத்தில் அவர் விட்டது இரண்டே கோல். ஆனால் மூன்றாம் பகுதியில் ஜான்சனும் பிறகு அணித்தலைவர் மைக் எருசியோனியும் போட்ட அந்த இரண்டும் போதுமானதாக இருந்தன. அன்று கோலை நோக்கி அமெரிக்கா அடித்தது 16 முறை, சோவியத் அடித்தது 39 முறை.

திரெத்தியாக் நின்றிருந்தால் கட்டாயம் வென்றிருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இழப்பு கோல் கணக்கில் இல்லை. பத்தாண்டுகளாக, பின்னால் அவர் இருக்கிறார் என்ற நினைப்பில் முன்னே ஏறி ஆடப் பழகிய ஆட்களுக்கு அந்த நினைப்பு ஒரு நொடியில் போனது. அந்த மாற்றத்தைப் பற்றிக் கேட்டபோது, பயிற்சியாளருக்குக் கிறுக்கு என்று தடுப்பாளர் ஃபெடிசோவ் பின்னாளில் சொன்னார். தன் வாழ்விலேயே பெரிய தவறு அதுதான் என்று திகோனோவும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதால் என்ன? இரண்டு பகுதிகள் முழுக்க பேட் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்த நாற்பது நிமிடம் திரும்பி வரவில்லை.

அடுத்த ஆண்டு அவர் பதில் சொன்னார். 1981 ஆகஸ்டில், கனடா கோப்பைக்கு அணி போயிருந்த நேரத்தில், தேர்வு செய்யப்படாமல் ஊரில் விடப்பட்டிருந்த வலேரி கர்லாமோவ் கார் விபத்தில் மனைவியோடு இறந்துபோனார். அவரும் திரெத்தியாக்கும் பத்தாண்டுக்கு மேல் ஒன்றாக ஆடியவர்கள். அந்தத் துக்கத்தோடு ஆடிய அணி இறுதி ஆட்டத்தில், மறுபடியும் அதே மான்ட்ரியல் ஃபோரமில், கிரெட்ஸ்கி ஆடிய கனடாவை 8-1 என்று வென்றது. போட்டியின் சிறந்த வீரர் திரெத்தியாக்.

1983-ல் கெனடியன்ஸ் அணி டிராஃப்டில் அவர் பெயரைச் சொன்னது. டிராஃப்ட் என்பது இளம் வீரர்களை என்.எச்.எல். அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. பதினெட்டு வயதுப் பையன்களுக்கு நடுவே, ஏழாவது சுற்றில், 138-வது பெயராக, 31 வயதான ஒலிம்பிக் சாம்பியன். வேடிக்கைக்காகச் செய்யவில்லை. மாஸ்கோவிடம் பேசிப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை அந்த அணிக்கு இருந்தது, போக வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. மாஸ்கோ மறுத்துவிட்டது. ராணுவ அதிகாரி, நாட்டின் முகம், அவரை எப்படி அனுப்புவார்கள்?

1984 சரயேவோ ஒலிம்பிக். கடைசி ஆட்டத்தில் செக்கோஸ்லோவாக்கியாவை 2-0 என்று வென்று மூன்றாவது தங்கம். ஒரு கோலும் விடவில்லை. உலகப் போட்டித் தங்கங்கள் ஏற்கெனவே பத்து. அதே ஆண்டு அவர் நிறுத்திவிட்டார்.

காரணம் முழங்காலோ முதுகோ அல்ல. சி.எஸ்.கே.ஏ. வீரர்கள் மாஸ்கோவுக்கு வெளியே அர்கான்கெல்ஸ்கோயே முகாமில் ஆண்டில் பத்துப் பதினோரு மாதம் அடைபட்டிருப்பார்கள். கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்தாலும் அங்கேதான் தூங்க வேண்டும், அங்கேதான் சாப்பிட வேண்டும். திகோனோவ் காலத்தில் பிடி இன்னும் இறுகியது. 15 ஆண்டு இப்படி இருந்தவர் பயிற்சியாளரிடம் ஒரு சலுகை கேட்டார்: வீட்டிலிருந்து வந்து பயிற்சி செய்கிறேன், ஆட்டத்துக்கு முன் முகாமுக்கு வந்துவிடுகிறேன். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று திகோனோவ் மறுத்தார். சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார் திரெத்தியாக்.

இந்த இடத்தில் எனக்கு மனம் ஆறுவதே இல்லை. சில ஆண்டு பொறுத்திருந்தால் நிலைமையே மாறியிருக்கும். அதே முகாமையும் அதே பயிற்சியாளரையும் எதிர்த்து ஃபெடிசோவும் லரியோனோவும் வெளிப்படையாகப் பேசினார்கள், 1989-ல் முறையான அனுமதியோடு என்.எச்.எல்.-லுக்குப் போனார்கள். அந்த ஆண்டு திரெத்தியாக்குக்கு 37. கீப்பர்களுக்கு ஆடக்கூடாத வயதே அல்ல. ஆனால் பிள்ளைகள் வளரும் ஆண்டுகளைக் கொடுத்துவிட்டு அந்தக் கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று அவரிடம் யார் கேட்க முடியும்? கதவு திறக்கும் என்றே 1984-ல் எவருக்கும் தெரியாது.

பின்னாளில் அவர் அரசியலுக்குப் போனார். 2003 முதல் ரஷ்ய நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர், 2006 முதல் ரஷ்ய ஹாக்கிச் சம்மேளனத் தலைவர். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு நடன வீராங்கனை இரினா ரோத்னினாவோடு சேர்ந்து தீபம் ஏற்றியவர். 2022-ல் யுக்ரேன் மீதான படையெடுப்புக்குப் பின் சர்வதேசப் போட்டிகளிலிருந்து ரஷ்ய அணிகள் விலக்கப்பட்டன. அவர் அரசின் பக்கமே நிற்கிறார். அவருடைய ஆட்டத்தை நேசிப்பவர்களுக்கு இது கசப்பான அத்தியாயம். எனக்கும் அப்படியே.

ஆனால் கோலில் அவர் விட்டுச்சென்றது வேறு வழியாகத் தொடர்ந்தது. 1990-ல் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணி அவரை கோல்கீப்பர் பயிற்சியாளராக அழைத்தது. ஆடப் போக முடியாத லீகுக்குள் கடைசியில் கற்றுக்கொடுக்கப் போனார். அங்கே அவர் கையில் வந்த இளைஞர் எட் பெல்ஃபோர். அந்த முதல் முழுப் பருவத்திலேயே லீகின் சிறந்த புதுமுகம், சிறந்த கோல்கீப்பர் என்ற இரண்டு விருதுகளையும் வாங்கினார். அதே அணியில் பெல்ஃபோருக்குப் பின்னால் வாய்ப்புக்குக் காத்திருந்த இன்னொருவர் செக் நாட்டவரான டொமினிக் ஹாஷெக்.

1997-ல் சிகாகோவை விட்டு சான் ஹோசேவுக்கும், பிறகு டல்லஸுக்கும் போன பெல்ஃபோர், ஆசிரியரின் நினைவாக 20 என்ற எண்ணை எடுத்துக்கொண்டார். சோவியத் சட்டையில் திரெத்தியாக்கின் முதுகில் இருந்த எண். 1999 ஜூனில் ஸ்டான்லி கோப்பையின் ஆறாவது இறுதி ஆட்டம் பஃபலோவில் நடந்தது. கூடுதல் நேரம் மூன்றாவது சுற்றுவரை போய், நள்ளிரவு தாண்டியும் ஓடிய ஆட்டம். டல்லஸ் 2-1 என்று வென்று கோப்பையை எடுத்தது. ஒரு கோலில் 53 தடுப்புகளோடு பெல்ஃபோர். மறு கோலில், பஃபலோ சட்டையில், ஹாஷெக்.